நெல் தொட்டிக்குள்ள கூப்பிட்ட பேரு

கொரோனான்னு சொல்லி ஊரையே வீட்டுக்குள்ள பூட்டி வச்சாங்கள்ல, அது முடிஞ்சு சனங்க மொகத்துல கட்டுன துணிய அவுத்துப் போட்டதுக்கு அப்பறம் வந்த அடைமழை அது. எந்த வருஷம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நானு. ஆனா அந்த மழைய நல்லா ஞாபகம் இருக்கு. நட்ட சம்பாப் பயிரெல்லாம் தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்துச்சு. அது தலையத் தூக்குமா, அழுகிப் போவுமான்னு திருத்துறைப்பூண்டிச் சுத்துவட்டாரமே வரப்புல நின்னு வேடிக்க பாத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த மழையிலதான் எங்க மில்லுல, நெல்லு ஊறப்போடுற தொட்டியோட அடிக்கதவத் தொறந்து ஒரு பொம்பள உள்ள தவழ்ந்து போனாங்க. அந்தக் கதவு முழங்கா ஒசரந்தான் இருக்கும். இரும்புக் கதவு, துருப்பிடிச்சது. ஊறி வெந்த நெல்லு வெளிய சரியறதுக்காக வச்ச வாயி அது, மனுசன் போறதுக்கு வச்சதில்ல. அந்தக் கதவு இப்பவும் எனக்குப் பக்கத்துலதான் இருக்கு. தெனம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் டீ குடிக்கிறேன்.

நான் அந்த மில்லுல பாய்லருக்கு உமி தள்ளுன ஆளு. புழுங்கலரிசி மில்லுன்னா உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. நெல்லத் தொட்டியில கொட்டி ஊறவச்சு, கீழேருந்து ஆவிய வுட்டு அவிச்சு, களத்துல காயப்போட்டு, அப்பறம் அரைக்கணும். அந்த ஊறல் நாத்தம் இருக்கே, அது ஒடம்புல ஏறுனா எறங்காது. என் சம்சாரம் உசுரோட இருந்த வரைக்கும் சொல்லுவா, "ஒன்னையக் கட்டிக்கிட்டு நான் பொறந்த வீட்டுக்குப் போனாலும் மில்லு கூடவே வருது"ன்னு. பெரிய முதலாளி கண்ண மூடுனாரு, மகன்க ரெண்டு பேருக்கும் பாகத் தகராறு வந்துச்சு, மில்லு நின்னு போச்சு. கேஸு கோர்ட்டுல கெடக்கு. சாவிய யாருகிட்டக் குடுக்குறதுன்னு பேச்சு வந்தப்ப, அண்ணன் தம்பிய நம்பல, தம்பி அண்ணன நம்பல, ரெண்டு பேரும் என்னைய நம்புனாங்க. நான் அதை மரியாதைன்னுதான் நெனச்சேன். அப்பறம் திருப்பூர்ல இருக்குற மக வீட்டுக்குப் பேத்தி சடங்குக்குப் போனேன். சாப்புட்ட கை காயறதுக்குள்ள ரெண்டு முதலாளியும் மாத்தி மாத்திப் போனு. "நீ அங்க இருக்கியே, மில்ல யாரு பாக்குறா?" அன்னிக்குத்தான் வெளங்குச்சு, சாவி என்கிட்ட இல்ல, நான்தான் சாவிகிட்ட இருக்கேன்னு. கொரோனாவுல எல்லாரும் அடச்சுப் போட்டாங்கன்னு பொலம்புனப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. எனக்கு அது புதுசா என்ன?

அப்பேர்ப்பட்ட எடத்துக்கு ஒரு வேனு வந்து நின்னுச்சு. ஒரு பொண்ணு, கூட மூணு தம்பிங்க. ஒருத்தன் கித்தாரு, ஒருத்தன் பறை, ஒருத்தன் ரெக்கார்டிங்கு. சின்ன முதலாளி மகன் பட்டணத்துல அந்தப் பொண்ணோட படிச்சவனாம். அவன் அப்பாகிட்டயும் பெரியப்பாகிட்டயும் தனித்தனியாப் பேசிச் சம்மதம் வாங்கி வச்சிருந்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். பூம்புகாருக்குப் பக்கத்துல கடக்கரைக் குப்பம், மீன்புடிக்கிற சனம். தானே பாட்டு கட்டி, தானே பாடுறவ. சினிமாவுக்கு இல்ல, கம்பெனிக்கு இல்ல, இவங்களா சேந்து இவங்களாப் பாடி போன்ல வுடுறது. நான் கேட்டேன், "எதுக்குத்தா இந்தப் பாழடஞ்ச எடத்துக்கு வந்தீங்க?" "ஆல்பம் பண்றோம் தாத்தா"ன்னுச்சு. ஆல்பம்னா எனக்குக் கல்யாண ஆல்பந்தான் தெரியும். "மாப்பிள்ள யாரு, இந்த மூணு பேருல?"ன்னு கேட்டுப்புட்டேன். பறைக்காரத் தம்பி வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "தாத்தா, இவங்களக் கட்டிக்கிட்டா தெனம் ராத்திரி சுருதி சரியில்லன்னு எழுப்பி வுட்ருவாங்க. எங்களுக்கு வேண்டாம் சாமி"ன்னான். பல பாட்ட ஒண்ணாச் சேத்துக் கோத்தா அதுவும் ஆல்பமாம். மத்த பாட்டெல்லாம் பட்டணத்துலயே முடிஞ்சுதாம். கடைசிப் பாட்டு ஒண்ணுதான் பாக்கியாம்.

அந்தக் கடைசிப் பாட்டு ஒப்பாரி. அங்கதான் சிக்கலே. எழவு வுழாத வீட்ல ஒப்பாரி பாடக்கூடாது. இது எங்க பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். பாடுனா அந்த வீடு ஒரு சாவக் கேட்டு வாங்கிக்கும்பாங்க. ஒப்பாரியில பேரு வாங்குன கெழவிங்ககூட, வீட்டுக்குள்ள ஒரு வரி பாடிக் காட்டுங்கன்னா பாட மாட்டாங்க, ஊருக்கு வெளிய களத்துமேட்டுக்கு வான்னு கூட்டிக்கிட்டுப் போவாங்க. இந்தப் பொண்ணு தஞ்சாவூர்ல ஒரு வீட்ட வாடகைக்குப் புடிச்சு ரெண்டு வரி பாடிப் பாத்திருக்கு. வீட்டுக்கார அம்மா கரண்டியோட ஓடியாந்து, "வெளக்கு வச்ச வீட்ல எவன் செத்தான்னுடி மாரடிக்கிற? மூட்டையக் கட்டு!"ன்னு வெரட்டி வுட்டுச்சாம். பட்டணத்து ரெக்கார்டிங்கு ரூமுல பாடுனா கொரலு பஞ்சுல பட்ட மாதிரி செத்துப் போவுதாம். அதான் குடித்தனம் இல்லாத, அடுப்பெரியாத எடமாத் தேடி இங்க வந்துருக்காங்க. ஆனா ஒரு அடுப்பு எரியுதே இங்க, என் அடுப்பு. அதையும் அது யோசிச்சிருக்கு பாருங்க. "தாத்தா, நீங்க இங்கதான இருக்கீங்க. ஒங்களுக்கு மனசு சங்கடமா இருந்தா வேண்டாம், போயிடுறோம்"னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "மில்லு செத்து எத்தனையோ வருஷமாச்சுத்தா. ஒருத்தரும் அதுக்கு அழல. பாடு, அதுக்குச் சேரட்டும்"னு.

தொட்டி மூணு இருக்கு மில்லுல. சிமிட்டித் தொட்டி, வட்டமா, ரெண்டு ஆளு ஒசரம். மேல ஒரு வாயி, கீழ நான் சொன்ன அந்தக் கதவு. உள்ள போயி ஒரு இருமல் இருமுனா, அது சுத்திச் சுத்தி வந்து யாரோ பெரியவங்க பதில் இருமுற மாதிரி கேக்கும். ரெக்கார்டிங்கு தம்பி நடுத்தொட்டிக்குள்ள கைய ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு, கோயில்ல சாமி கண்டவன் மாதிரி வெளிய வந்தான். உள்ள மைக்க வச்சு, ஒயர அந்தக் கதவு வழியா இழுத்து, பாய்லர் ரூமுல மிஷின வச்சாங்க. பொண்ணு உள்ள தவழ்ந்து போச்சு. நாங்க வெளிய ஒக்காந்தோம். பாட ஆரம்பிச்சுச்சு.

"வலையும் வந்து சேந்துச்சே, வல வீசுன கையக் காணோம். படகும் கர தொட்டுருச்சே..." அங்க நின்னு போச்சு. அதுக்கடுத்து பாதம்னு ஒரு வார்த்த வரணும். வரல. மறுபடி மொதல்லேருந்து. மறுபடி அதே எடத்துல நிப்பு. அன்னிக்குப் பூராவும் அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான். கதவுக்குள்ளேருந்து வெளிய வர்றப்ப முட்டியெல்லாம் தோலு வழண்டு, மூஞ்சில சிமிட்டித் தூசி, கண்ணு செவந்து வரும்.  கித்தாருத் தம்பிதான், "இந்தப் பாட்ட வுட்டுட்டு மத்தத வெளியிட்ரலாம்க்கா"ன்னான். அது அவனைத் திரும்பிப் பாத்துச்சு. "மத்த பாட்டெல்லாம் இந்தப் பாட்டப் பாடுறதுக்குப் பயந்துக்கிட்டுப் பாடுனதுடா. இது இல்லன்னா அதெல்லாம் எதுக்கு?"ன்னுச்சு. 

மழ அதுக்குள்ள புடிச்சுக்கிச்சு. எங்க பக்கத்து மழ ஒண்ணும் அவசரப்படாது. மெதுவா ஒக்காந்து, வெத்தல போட்டுக்கிட்டுப் பேசுற சம்பந்தி மாதிரி, போவேன்னே சொல்லாது. வாய்க்கா தண்ணி மொதல்ல களத்துல ஏறுச்சு. அப்பறம் ரோட்டுல ஏறுச்சு. பாலம் தெரியல. வேனு சக்கரம் முக்காவாசி முங்கிப் போச்சு. கரண்டு போச்சு. அவங்க மிஷினு பேட்டரியில ஓடும்னாங்க, ஆனா ஓட்டுறதுக்குப் பாட்டு வேணுமே. தகரக் கூரையில மழச் சத்தம், சுத்திலும் தண்ணி, உள்ள ஊறல் நாத்தம். மில்லு ஓடி எத்தன காலமானாலும் மழ வந்தா அந்த நாத்தம் செவுத்துலேருந்து எறங்கி வரும். அஞ்சு பேரு ஒரு பாய்லர் ரூமுக்குள்ள. இருந்த அரிசியப் பொங்கி, இருந்த ஊறுகாயத் தொட்டுத் தின்னோம். பறைக்காரத் தம்பி மட்டும் தமாசு பண்ணிக்கிட்டே இருந்தான். "தாத்தா, நெல்லு மாதிரி நம்மளையும் ஊறப்போட்டாச்சு. அவிக்கிறது எப்ப?"ன்னான். அந்தப் பொண்ணு சிரிக்கல. சன்னல்கிட்ட நின்னு தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கடக்கரைப் பொண்ணுக்குத் தண்ணியப் பாத்தா பழக்கம்னு நெனைப்போம். அது தண்ணியப் பாத்த பார்வை, கடன்காரனப் பாக்குற பார்வையா இருந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் என் அடுப்புப் பக்கம் வந்து ஒக்காந்து அதுவாச் சொல்லுச்சு. அவங்கப்பா ஒரு நாளு கிட்டக்க வல போட்டுட்டு வந்துடுறேன்னு போயிருக்காரு. கூட வர்ற ஆளுங்க ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, இவரு ஒத்தையாளாப் போயிருக்காரு. புயலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடலு கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். பொழுது சாயறதுக்குள்ள படகு மட்டும் தானா வந்து கரையில முட்டி நின்னுச்சாம். வல இருக்கு. செருப்பு இருக்கு. சோத்துத் தூக்கு இருக்கு, மூடி தொறக்கல. ஆளு இல்ல. குப்பமே போயித் தேடியிருக்கு, ஒண்ணும் கெடைக்கல. இந்தப் பொண்ணு அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்துச்சாம். "ஒடம்பு கெடைக்காம அழக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருச்சு தாத்தா. அழுதா செத்தாருன்னு நாமளே முடிவு கட்டுன மாதிரி ஆயிடும்னு. பொட்டும் அழிக்கல, தாலியும் எறக்கல. அப்பா வருவாரு வருவாருன்னே இத்தன வருஷம். அதுவும் அழல, என்னையும் அழ வுடல"ன்னுச்சு. நான் அடுப்புல உமியத் தள்ளிக்கிட்டு இருந்தேன். "இந்தப் பாட்டு ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"ன்னேன். "தெரிஞ்சா என்னையக் கொன்னே போட்ரும்"னுச்சு.

மறுநாளு காலையில அந்தப் பொண்ணோட போனு அடிச்சுச்சு. பொண்ணு தொட்டிக்குள்ள இருந்துச்சு. பறைக்காரத் தம்பி போன எடுத்தான். அம்மான்னு போட்டிருந்துச்சாம். வெள்ளந்திப் பய, கேட்டதும் சொல்லிட்டான். "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா? அக்கா உள்ள ஒப்பாரி பாடிக்கிட்டு இருக்காங்க, வந்ததும் பேசச் சொல்றேன்."  அந்தம்மா, "எந்த ஊருப்பா அது?"ன்னு மட்டும் கேட்டாங்களாம். மில்லு பேரு, ஊரு பேரு, எந்தப் பாலத்துல எறங்கணும், எல்லாம் வெவரமாச் சொல்லியிருக்கான் புண்ணியவான். எழவு நடக்காத எடத்துல ஒப்பாரின்னு கேட்டா எந்தப் பொம்பளைக்கும் மொத கேள்வி, யாருக்குன்னுதான். அந்தம்மா அதைக் கேக்கல. அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.

அன்னிக்கு மத்தியானம் தாண்டி, இடுப்பளவு தண்ணியில ஒரு பொம்பள பையத் தலையில வச்சுக்கிட்டு வர்றது தெரிஞ்சுச்சு. பாலம் வரைக்கும் டிராக்டர்ல வந்து, அங்கேருந்து எறங்கி நடந்துருக்காங்க. நான்தான் ஓடிப்போயி கேட்டத் தொறந்தேன். நனஞ்சு ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது. ஆனா ஒரு கையால முந்தானைய நெத்தி வரைக்கும் இழுத்துப் புடிச்சிருக்காங்க. எனக்கு வெளங்கல. என்கிட்ட வந்து ரகசியமாக் கேட்டாங்க, "பெரியவரே, கொஞ்சம் குங்குமம் இருக்குமா?" மழ, வச்சிருந்த பொட்டக் கரைச்சு வுட்ருச்சு. வெறும் நெத்தியோட மககிட்டப் போவ மாட்டாங்களாம். பாய்லருக்கு ஆயுதபூஜைக்கு நான் வருஷா வருஷம் பொட்டு வைப்பேன், ஓடாட்டியும் எனக்குச் சோறு போட்டது அதுதான. அந்தக் குங்குமப் பொட்டலம் மாடத்துல இருந்துச்சு. குடுத்தேன். கண்ணாடி இல்ல. பாய்லருல தண்ணி மட்டம் பாக்குற கண்ணாடிக் கொழாயில மொகத்தப் பாத்து, விரலு நடுங்காம வட்டமா வச்சாங்க. பெரிய பொட்டு. அப்பறந்தான் முந்தானைய எறக்குனாங்க.

சண்ட நடந்துச்சு. நாங்க ஆம்பளைங்க நாலு பேரும் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னோம். வெளிய போவ எடம் ஏது? "ஒங்கப்பனுக்கு ஊரெல்லாம் கேக்கப் பாடை கட்டுறியாடி? பொணத்தப் பாத்தியா நீ? எந்தக் கரையில பாத்த, சொல்லு!" "நீ அவரப் பாத்தியாம்மா? உசுரோட எந்தக் கரையில பாத்த, நீ சொல்லு!" "வாயில அடிப்பேன்." "அடி. அடிச்சாலாவது அழுவேன். ஊர்ல எவளாவது அப்பா இருக்காராடின்னு கேட்டா, இருக்காருங்கவா, இல்லங்கவா? ஒம்பொட்டு ஒன்னைய மட்டுமா புடிச்சு வச்சிருக்கு? என்னையுந்தாம்மா." அந்தம்மா பையத் தூக்கித் தலையில வச்சாங்க. "கெளம்பு, வீட்டுக்குப் போவலாம்"னாங்க. பொண்ணு சன்னலக் கையக் காட்டுச்சு. அவங்க நடந்து வந்த வழியில இப்ப கழுத்தளவு தண்ணி ஓடுது. அந்தம்மா சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதே எடம், மக நின்ன எடம். அதே பார்வை.

பசின்னு ஒண்ணு இருக்கே, அது யாரு சண்டையையும் மதிக்காது. அந்தம்மா பையிலேருந்து கருவாட்ட எடுத்தாங்க. என் அடுப்புல ஒக்காந்து, என்னைய ஒரு வார்த்தகூடக் கேக்காம, என் சட்டியில கொழம்பு வச்சாங்க. வாசம் வந்ததும் பறைக்காரத் தம்பி, "அம்மா, நான் போன்ல ஒளறுனதுக்கு இது தண்டனையா பரிசா?"ன்னான். "தின்னுட்டுச் சொல்றேன் ஒனக்கு"ன்னாங்க, மூஞ்சத் திருப்பாம. எல்லாருக்கும் போட்டாங்க. போட்டு முடிச்சதும் ஒரு கிண்ணத்துல கொஞ்சம் சோறும் ஒரு துண்டு கருவாடும் எடுத்து, தட்டப் போட்டு மூடி ஓரமா வச்சாங்க. கித்தாருத் தம்பி பட்டணத்துப் புள்ள, அவனுக்குத் தெரியாது. "அது யாருக்கும்மா?"ன்னு கேட்டுட்டான்.   அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டே, "தெனம் வைக்கும்டா. காலையில எடுத்து நாய்க்கு வச்சுட்டு மறுபடி வைக்கும்"னுச்சு.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும், இல்லன்னா பின்னால நடந்தது உங்களுக்குப் புரியாது. எங்க காலத்துப் பொம்பளைங்க புருசன் பேரச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு நம்பிக்கை. என் சம்சாரத்த ஆஸ்பத்திரியில சேத்தப்ப, நர்சம்மா புருசன் பேரு கேட்டுருக்கு. இவ, "சுவாமிமலையில நிக்குறாருல்ல, அவரு பேரு"ங்கிறா. நர்சு சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? "மலையில யாரும்மா நிக்கிறா?"ன்னு அது கேக்க, "கையில வேலு வச்சிருப்பாருல்ல"ன்னு இவ சொல்ல, நோவ மறந்து ரெண்டும் மல்லுக்கட்டி நின்னுச்சுங்க. கடைசி மூச்சு வரைக்கும் என் பேரு அவ வாயில வரல. நான் இன்னும் உசுரோட இருக்கேன்னா அவ மிச்சம் புடிச்சுக் குடுத்த ஆயுசுன்னுகூட நெனச்சுக்குவேன். சரி, அது கெடக்கு.

சாப்புட்ட கையக் கழுவிட்டு அந்தம்மா தொட்டியப் பாத்து நின்னாங்க. "இதுக்குள்ளயா பாடுன?" "ம்." "என்ன பாடுன, ஒரு வரி சொல்லு." பொண்ணு பாடல, சொல்லுச்சு. வலையும் வந்து சேந்துச்சே, வல வீசுன கையக் காணோம். படகும் கர தொட்டுருச்சே. அங்க வழக்கம்போல நின்னுருச்சு. அந்தம்மா அதுக்கு மேல கேக்கவும் இல்ல. சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு அந்தக் கதவண்ட மண்டி போட்டாங்க. "ஒப்பாரி நீயும் பாடக்கூடாது, நானும் பாட மாட்டேன். அந்த மைக்கு அப்படியே இருக்கட்டும். ஒருத்தரும் உள்ள வராதீங்க"ன்னு சொல்லிட்டு, தவழ்ந்து உள்ள போயிட்டாங்க. ரெக்கார்டிங்கு தம்பி பொண்ணப் பாத்தான். அது தலைய ஆட்டுச்சு. அவன் மிஷினப் போட்டான்.

மொதல்ல உள்ள மூச்சு வுடுறது மட்டும் கேட்டுச்சு. தொட்டி அந்த மூச்ச வாங்கி வாங்கித் திருப்பிக் குடுக்குது. நெல்லு ஊறுறப்ப தண்ணியில குமிழி வுடும், காதக் குடுத்தாக் கேக்கும், அந்த மாதிரி. அப்பறம் ஒரு கொரலு. கத்தல் இல்ல. அழுகை இல்ல. கரையில நின்னுக்கிட்டு, அலைக்கு அந்தாண்ட நிக்கிற படகப் பாத்துக் கூப்புடுற கொரலு. அவங்க புருசன் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. கலியாணம் ஆன நாள்லேருந்து நாக்குல வைக்காத பேரு. ஒரு தடவ. தொட்டி அதைச் சுத்திச் சுத்திச் சொல்லுச்சு. அது அடங்குறதுக்குள்ள அடுத்த தடவ. அப்பறம், "சோறு ஆறிப்போச்சு, வாய்யா"ன்னாங்க. வாய்யா, வாய்யான்னு தொட்டி கேட்டுக்கிட்டே இருந்துச்சு.  பறைக்காரத் தம்பி வாயப் பொத்திக்கிட்டான். அந்தப் பொண்ணு கதவுப்பக்கம் தரையில படுத்து, கைய உள்ள நீட்டுச்சு. உள்ளேருந்து ஒரு கை வந்து அதைப் புடிச்சுக்கிச்சு. அப்பத்தான் அது அழுதுச்சு. சின்னப் புள்ள பள்ளிக்கூடத்துலேருந்து அடி வாங்கிட்டு வந்து அழுவுமே, அந்த அழுக. எத்தன வருஷத்து அழுகையோ.

அவங்க வெளிய வர்றப்ப வேர்வையில பொட்டு பாதி வழிஞ்சு மூக்கு வரைக்கும் எறங்கியிருந்துச்சு. பொண்ணு கேட்டுச்சு, "அப்பா பேரச் சொல்லிட்டியேம்மா. ஆயுசு கொறையும்பியே?" அந்தம்மா புறங்கையால மூஞ்சத் தொடச்சுக்கிட்டாங்க. "கொறையறதுக்கு இருந்தாக் கொறயட்டும்டி. பேரச் சொல்லிக் கூப்புட்டாளேங்கற கோவத்துலயாவது திரும்பிப் பாக்கட்டும்"னாங்க. அம்புட்டுத்தான். ரெக்கார்டிங்கு தம்பி தயங்கித் தயங்கி, "அம்மா, இதை ஆல்பத்துல வைக்கலாமா?"ன்னு கேட்டான். "பின்ன எதுக்குடா அந்த மைக்க வைக்கச் சொன்னேன்? நான் குப்பத்துலேருந்து கூப்புட்டா எம்புட்டு தூரம் கேக்கும்? நீங்க வுட்டா தூரமாப் போவும்ல?"ன்னாங்க.

தண்ணி வடிஞ்சு பாலம் தெரிஞ்சதும் கெளம்புனாங்க. அப்பவும் தூறல் இருந்துச்சு. அந்தம்மா நெத்தியில பொட்டு இல்ல. நான் அந்தக் குங்குமப் பொட்டலத்த எடுத்துக் குடுத்தேன், "வச்சுக்குங்க தாயி"ன்னு. வாங்கிக்கிட்டாங்க. நெத்தியில வைக்கல, வேண்டாம்னும் சொல்லல. முந்தானையில முடிஞ்சு இடுப்புல சொருவிக்கிட்டாங்க. வேனு போச்சு. நான் கேட்டச் சாத்தி உள்பக்கமாப் பூட்டுனேன்.

அப்பறம் அந்த ஆல்பம் வந்துருச்சு. மினிபஸ்ஸு கண்டக்டருதான் போன்ல போட்டுக் காட்டுனாப்புல. "நெல் தொட்டி"ன்னு பேரு வச்சிருக்காங்களாம். மத்த பாட்டெல்லாம் ஆடுற மாதிரி இருக்கு, மீனு கூடை, பஸ்ஸு, துபாய்க்குப் போன மச்சான்னு. கடைசியில இது. பொண்ணு முன்னாடியே பாடிப் பதிஞ்ச அந்த ரெண்டு வரி வருது, படகும் கர தொட்டுருச்சேன்னு நிறுத்துது, பறை மெல்ல ஒரு தட்டு. அதுக்கப்பறம் அந்தம்மா கொரலு. பின்னால எங்க தகரக் கூரையில மழ. பாட்டக் கேட்டுட்டு ரெண்டு பசங்க மோட்டார் சைக்கிள்ல வந்து, அந்தத் தொட்டிக்குள்ள தலைய வுட்டு அந்தப் பேரக் கத்திச் சிரிச்சானுங்க. வெரட்டி வுட்டுட்டு அந்த அடிக்கதவுக்கும் ஒரு பூட்டு போட்டுட்டேன். அந்தப் பேர அங்க கூப்புடறதுக்கு ஒருத்திக்குத்தான் பாத்தியதை. பூட்டுறதுக்கு எனக்குச் சொல்லியா குடுக்கணும்.

கேஸு இன்னும் முடியல. நான் இன்னும் இங்கதான். மழ வந்தா அந்த ஊறல் நாத்தம் எறங்குது, அந்தக் கதவுக்கு முன்னால குந்திக்கிட்டு டீ குடிக்கிறேன். சில நாளு பூட்டுல கைய வைப்பேன். தொறந்து, உள்ள தவழ்ந்து போயி, யாரையாவது கூப்புடலாம்னு தோணும். என் சம்சாரம் பேரச் சொல்லிக் கூப்புட எனக்குத் தடையில்ல, வாழ்ந்த காலம் பூராவும் ஏய்ன்னுதான் கூப்புட்டேன். கூப்புடாமலே எந்திரிச்சுடுவேன்.

அந்தப் பேர நான் இங்க சொல்ல மாட்டேன். பாட்டுல இருக்கு, கேட்டுக்குங்க. கேட்டுட்டு உங்களோட வச்சுக்காதீங்க. நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்க. கரையோரத்துல இருக்குற சனத்துக்கு, கப்பல்ல போறவங்களுக்கு, வெளிநாட்டுல கடல் வேல பாக்குற புள்ளைங்களுக்குச் சொல்லி வைங்க. எந்த ஊருக் கரையிலயாவது அந்தப் பேரக் கேட்டு ஒரு ஆளு சட்டுன்னு திரும்பிப் பாத்தா, அவருகிட்ட வேற ஒண்ணும் கேக்க வேண்டாம். வீட்ல சோறு மூடி வச்சிருக்குன்னு மட்டும் சொல்லிடச் சொல்லுங்க.